எண் 214

ஆரம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்
செல்போன் கவர் கடைக்கும் பரோட்டாக் கல்லுக்கும் நடுவே
ஒரு ஆள் நிற்கிற அகலத்தில்
இலியாஸ் பாயின் சென்ட் கடை.
பலகையில் தமிழில் ஒரு பெயர், தெலுங்கில் வேறு பெயர்.
கண்ணாடிக்கு அடியில் பட்டியல்:
பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர்களைத்
தன் காதில் விழுந்தபடி எழுதி
எதிரே ஓர் எண் போட்டிருக்கிறார்.
வாய்க்கு வராததை எண் சொல்லி வாங்கலாம்.

எனக்குப் பெயரும் தெரியாது.
நேர்காணலில் ஷ்ராவணி மேடம்
சான்றிதழைத் திருப்பித் தந்தபோது
தாளோடு வந்த வாசனை.
பிறகு நடைவழியில், கேன்டீன் வரிசையில்,
அவர் போன பின்னும் கொஞ்ச நேரம் நின்றது.

"எப்படி இருக்கும், சொல்லும்மா."
முதலில்
கமலாத் தோலை மடக்கிக் கண்ணில் பீய்ச்சினால் வருவது.
மதியம், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஈரத் துணி.
சாயங்காலம்... பாய், சாயங்காலம்
புதுச் செக் புத்தகம் பிரித்த மாதிரி.
"செக் புத்தகம் வெச்சிருக்கியா?"
"இல்ல. பேங்க்ல வரிசையில நின்னிருக்கேன்."

ஏழு பஞ்சு நீட்டினார்.
நடுநடுவே மூக்கைக் கழுவ
டப்பாவில் காப்பித்தூள்.
எட்டாவது பஞ்சில் நான் பேசவில்லை.
அவரே மூடியைப் பார்த்துச் சொன்னார்: இருநூத்திப் பதினாலு.
ஆறு மில்லி நூற்றெண்பது ரூபாய்.
அசல் பதினோராயிரத்து ஐநூறாம்,
போனில் பார்த்துவிட்டு
போனைக் குப்புற வைத்தேன்.

ஆலையில் எங்களுடையது சுத்த அறை.
பவுடர் கூடாது, பூ கூடாது,
நகப்பூச்சு கூடாது, சென்ட் கூடவே கூடாது.
கண் மட்டும் தெரிய எட்டு மணி நேரம் நிற்கிறவளுக்கு
இது எதுக்குடி என்றாள் விடுதியில் பர்வீன்.
ஞாயிற்றுக்கிழமைக்கு என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன்,
தடா வரை போய் ரீசார்ஜ் செய்தேன்,
மணிக்கட்டை இரண்டு பஸ்ஸில் மோந்துகொண்டே வந்தேன்.

மூன்றாம் மாதம் போனபோது
மேசைமேல் ஒரு சதுரக் குப்பி.
தங்க மூடி தனியே கிடந்தது.
குறடால் கழுத்தைத் திறந்திருந்தார்,
ஊசியால் 214ஐ இறக்கிக்கொண்டிருந்தார்.
குப்பியின் அடியில் எங்கள் கேட்டில் ஒட்டும் பச்சை ஸ்டிக்கர்,
பால்பாயின்டில் எழுதியது: மனிதவளம், எஸ்.
கையால் மறைத்தார், தாமதமாக.
"உங்க கம்பெனிதான். மாசம் ஒருதரம்."

சிரிக்கத்தான் வந்தது.
பரோட்டாக் கல் வரை வந்ததும் நின்றுவிட்டது.
மேடத்துக்கு எவ்வளவு சம்பளம் இருக்கும்,
யார் யாருக்கு அனுப்புகிறார்,
முதல் குப்பியை யார் வாங்கித் தந்தது?
திரும்பிப் போய்க் கேட்டேன்:
"பாய், அசலை நீங்க மோந்திருக்கீங்களா?"
"நான் எங்கேம்மா. பம்பாயில கலக்குறவர் மோந்திருப்பார்."
"இல்லன்னா?"
"அவருக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க,
நீ சொன்ன மாதிரி."

அந்த ஞாயிறு கொஞ்சம் அதிகமாகவே போட்டேன்.
திங்கள் விடியற்காலை மூன்று முறை சோப்பு போட்டும்
அங்கி மாட்டும் இடத்தில்
காவலுக்கு நின்ற சுவர்ணலதா கையைப் பிடித்துவிட்டாள்.
மணிக்கட்டைத் தூக்கி மோந்தாள்.
புகார் நோட்டு அவள் கக்கத்தில்.
"எந்த?" என்றாள்.
"இருநூத்திப் பதினாலு."
"அம்மோ, அந்தனா!"
கண்ணை விரித்தாள். நூற்றைம்பதுக்குக் கேட்டிருக்கலாமே,
உனக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்று
அவள் மொழியில் திட்டினாள்.
அப்புறம்தான் உறைத்தது,
தெலுங்கில் எந்த என்றால் எவ்வளவு.

நான் திருத்தவில்லை.
குழாயைக் காட்டினாள்.
முழங்கை வரை தேய்த்துக் கழுவி நீட்டினேன்.
இன்னொரு தரம் மோந்தாள்,
தேவைக்கு மேலே கொஞ்சம் நேரம்,
பிறகு உள்ளே விட்டாள்.